பாரிஸில் குடும்பத்தோடு ஹோட்டல் பாயிண்டில் தங்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வருடக்கணக்கில் சேர்த்த ஹோட்டல் பாயிண்டுகளைப் பாரிஸில் செலவழிக்க நினைக்கும் குடும்பங்களுக்கான பக்கம் இது. பாயிண்ட் என்பது அக்கோர், ஹயாத், மேரியட், ஹில்டன், ஐஎச்ஜி போன்ற ஹோட்டல் குழுமங்கள் தங்கள் உறுப்பினர் திட்டத்தில் சேர்ந்தவர்களுக்குத் தரும் வெகுமதிப் புள்ளி. இருவர் மட்டும் போவதென்றால் இத்தனை கேள்விகள் எழாது. பிள்ளைகளும் வரும்போது, கையில் எத்தனை பாயிண்ட் இருக்கிறது என்பதைவிட, நான்கு பேரை உள்ளே விடும் அறை எங்கே இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். அறையைக் கண்டுபிடித்துவிட்டால் பாயிண்டா பணமா என்பது வெறும் கணக்கு. கீழேயுள்ள பதில்கள் பெரும்பாலும் பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்ற குடும்பத்தை மனதில் வைத்து எழுதியவை.

பாயிண்ட் கொடுத்தால் அறை முழுக்க இலவசம்தானா?

அறை வாடகையும் அதன் மீதான வாட் வரியும் பாயிண்டில் அடங்கிவிடும். அடங்காதது, நகரத்தின் தங்கும் வரி. பிரான்சில் இதை ஹோட்டல் வசூலித்து நகராட்சிக்குக் கட்டுகிறது. பாயிண்டில் தங்குகிறவருக்கும் விலக்கு கிடையாது. ரிசப்ஷனில் யூரோவில் கட்டியாக வேண்டும்.

முன்பெல்லாம் இது சில்லறைக் காசு. 2024 ஜனவரியில் பாரிஸ் வட்டாரப் பொதுப் போக்குவரத்துக்கான கூடுதல் வரியை இதன் தலையில் ஏற்றியதும் கிட்டத்தட்ட மூன்று மடங்காகிவிட்டது. 4 நட்சத்திர ஹோட்டலில் ஒருவருக்கு ஓர் இரவுக்கு 8 யூரோவைத் தாண்டும். 5 நட்சத்திரத்தில் 10 யூரோவுக்கு மேல். ஒரே நல்ல செய்தி, 18 வயதுக்குட்பட்டவர்களுக்கு இந்த வரி இல்லை. ஆகப் பெரியவர்கள் இருவர் 4 நட்சத்திர ஹோட்டலில் ஐந்து இரவு தங்கினால் 80 யூரோவுக்குச் சற்று மேலே எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மற்ற நகரங்களில் வயது வரம்பு வேறு. ரோமில் 10 வயதுக்குட்பட்டவர்களுக்கு மட்டும்தான் விலக்கு. லிஸ்பனில் 13 வயதிலிருந்தே கட்ட வேண்டும். பாரிஸை முடித்துக்கொண்டு வேறு ஊருக்கும் போகிறவர்கள் இதைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாரிஸில் ஒரே அறையில் நான்கு பேர் தங்க முடியுமா?

முடியும், ஆனால் எல்லா ஹோட்டலிலும் இல்லை. இரண்டு பெரிய கட்டில்கள் போட்டு நான்கு பேர் தாராளமாகப் படுக்கும் அறை அமெரிக்க ஹோட்டல்களில் சாதாரணம். அதைப் பழகியவர்கள்தான் பாரிஸில் அதிகம் ஏமாறுகிறார்கள். பாரிஸ் நடுவில் இருக்கும் ஹோட்டல்களில் பல பழைய கட்டடங்கள். 15 முதல் 20 சதுர மீட்டர் அறைகளே அதிகம். அங்கே டபுள் அறை என்றால் ஒரே ஒரு கட்டில், அதிலும் 140 சென்டிமீட்டர் அகலம்தான் இருக்கலாம். ட்வின் என்றால் ஒருவர் மட்டும் படுக்கக்கூடிய இரண்டு கட்டில்கள். பெரும்பாலும் சேர்த்துப் போட்டிருப்பார்கள்.

எனவே பாயிண்டுக்கு எளிதில் கிடைக்கும் சாதாரண அறை பாரிஸில் பெரும்பாலும் இருவருக்கானது. கூடுதல் கட்டில் போட்டால் சில இடங்களில் மூவர். நால்வருக்கு என்றால் குடும்ப அறை, சோபா கட்டில் உள்ள ஸ்வீட் (உட்காரும் இடத்தோடு கூடிய பெரிய அறை), சமையலறையோடு கூடிய அபார்ட்மென்ட் ஹோட்டல் ஆகியவற்றில் ஒன்றைத் தேட வேண்டும். இவற்றைப் பல திட்டங்கள் பாயிண்டுக்குத் திறந்து விடுவதில்லை. திறந்தாலும் பாயிண்ட் எண்ணிக்கை சாதாரண அறையைப் போலப் பல மடங்காக இருக்கும்.

தேடும்போது பிள்ளைகளின் எண்ணிக்கையையும் வயதையும் கண்டிப்பாகப் போட்டுத் தேடுங்கள். இருவர் என்று போட்டால் நகரமெல்லாம் அறை காலியாகத் தெரியும். நால்வர் என்று போட்டதும் பட்டியல் சுருங்கிவிடும். அந்தச் சுருங்கிய பட்டியல்தான் உண்மையான பட்டியல்.

இரண்டு பேர் என்று புக் செய்துவிட்டு நான்கு பேராகப் போய் நின்றால்?

செய்யாதீர்கள். அறைக்கு எத்தனை பேர் என்பது தீ விபத்துப் பாதுகாப்பு விதிகளோடு சம்பந்தப்பட்டது. ரிசப்ஷனில் இருப்பவர் நினைத்தாலும் தளர்த்த முடியாத இடங்கள் உண்டு. "சின்னப் பிள்ளைகள்தானே, எங்களோடு படுத்துக்கொள்வார்கள்" என்ற பேச்சும் எடுபடாது. இரண்டாவது அறை எடுங்கள் என்பார்கள். அதை அன்றைய பண விலையில் எடுக்க நேர்ந்தால், பாயிண்டில் மிச்சம் பிடித்ததெல்லாம் முதல் இரவிலேயே போய்விடும். அந்த இரண்டாவது அறையே இல்லாமல் போனால் நிலைமை இன்னும் மோசம்.

கைக்குழந்தை மட்டும் விதிவிலக்கு. தொட்டிலில் படுக்கும் குழந்தையைப் பல ஹோட்டல்கள் தலைக்கணக்கில் சேர்ப்பதில்லை, தொட்டிலும் இலவசமாகத் தருவார்கள். ஆனால் அறையில் தொட்டில் வைக்க இடம் வேண்டும், ஹோட்டலில் தொட்டில் மிச்சம் இருக்க வேண்டும். புக் செய்த கையோடு கேட்டு வைத்துவிடுங்கள்.

அப்படியானால் இரண்டு அறையா, ஒரு பெரிய அறையா?

பிள்ளைகளின் வயதைப் பொறுத்தது. பதின்ம வயதுப் பிள்ளைகள் என்றால் இரண்டு சாதாரண அறைகளே நல்லது. பாயிண்டில் எளிதாகக் கிடைக்கும், குளியலறையும் இரண்டாகிவிடும். காலையில் எல்லோரும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டிய ஊரில் அந்த இரண்டாவது குளியலறையின் அருமை தெரியும்.

சிறு பிள்ளைகள் என்றால் இரண்டு அறைகளுக்கும் நடுவில் கதவு இருக்க வேண்டும். பக்கத்துப் பக்கத்து அறை என்பதும், உள்கதவால் இணைந்த அறை என்பதும் வேறு வேறு. பெரும்பாலான இணையதளங்களில் இணைந்த அறையை "விருப்பம்" என்று குறிக்கத்தான் முடியும், அது உறுதி ஆகாது. ஹில்டன் 2021இல் புக் செய்யும்போதே இணைந்த அறைகளை உறுதி செய்யும் வசதியைக் கொண்டுவந்தது. மற்றவற்றில் ஹோட்டலுக்கு நேரடியாக எழுதி, பதிலை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். பதில் "முயற்சி செய்கிறோம்" என்று வந்தால், கதவு கிடைக்காது என்றே வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். அப்பா ஒரு பிள்ளையோடு, அம்மா இன்னொரு பிள்ளையோடு என்று பிரிந்து படுக்க முடியுமானால் இந்தக் கவலையே இல்லை. பலர் கடைசியில் இப்படித்தான் செய்கிறார்கள்.

ஹயாத்தில் இன்னொரு வழி உண்டு. அங்கே ஸ்வீட்டுக்கும் தனிப் பாயிண்ட் அட்டவணை இருக்கிறது. இரண்டு சாதாரண அறைகளுக்கு ஆகும் பாயிண்டைவிடச் சோபா கட்டிலோடு கூடிய ஒரு ஸ்வீட் குறைவாக வரும் சந்தர்ப்பங்கள் உண்டு. இரண்டையும் தேடிப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

எந்தத் திட்டம் குடும்பத்துக்கு ஒத்துவரும்?

ஏற்கெனவே பாயிண்ட் இருக்கும் திட்டம்தான் என்பது சரியான பதில். ஆனால் இரண்டு மூன்று திட்டங்களில் கொஞ்சம் கொஞ்சமாக வைத்திருப்பவர்களும் பலர் இருப்பதால் விரிவாகச் சொல்கிறேன்.

பாரிஸில் பிள்ளைகளோடு தங்க என் முதல் தேர்வு அக்கோர். பாயிண்ட் மதிப்பு மற்றவற்றைவிட அமோகம் என்பதால் இல்லை. அக்கோரில் பாயிண்ட் பணம் மாதிரி வேலை செய்கிறது: 2,000 பாயிண்ட் கொடுத்தால் பில்லில் 40 யூரோ குறையும். "பாயிண்டுக்கான அறை" என்று தனியாக எதுவும் கிடையாது. குடும்ப அறையோ, ஸ்வீட்டோ, நால்வருக்கான அபார்ட்மென்டோ, எதைப் பணத்துக்கு விற்கிறார்களோ அதைப் பாயிண்டிலும் எடுக்கலாம். முன்பு சொன்ன சாதாரண அறைத் தொல்லை இங்கே அடியோடு இல்லை. போதாததற்கு இது பிரெஞ்சு நிறுவனம். ஐபிஸ், மெர்க்யூர், நோவோடெல், புல்மேன், அடாஜியோ என்று பாரிஸ் முழுக்கக் கிளைகள். அடாஜியோவில் சமையலறை உண்டு. நோவோடெலில் 16 வயதுக்குட்பட்ட இரண்டு பிள்ளைகள் பெற்றோர் அறையில் தங்கினால் தங்கவும் காலை உணவுக்கும் கட்டணம் இல்லை. மறுபக்கம், மதிப்பு எப்போதும் ஒரே அளவுதான். விலை ஏறும் நாட்களில் பாயிண்டும் அதே அளவுக்குக் கூடுதலாகப் போகும். பெரிய லாபம் அடிக்க வழியில்லை, ஏமாறவும் வழியில்லை.

ஹயாத்துக்கு ஹோட்டல்கள் குறைவு, ஆனால் பாயிண்டுக்கு மதிப்பு அதிகம். ஹோட்டலை வகை பிரித்து, வகைக்கு இத்தனை பாயிண்ட் என்று அட்டவணை போடும் பழக்கத்தை இன்னும் விடாத பெரிய திட்டம் அது. போர்த் மாயோ பக்கத்தில் உள்ள ஹயாத் ரீஜென்சி பாரிஸ் எத்வால் கிட்டத்தட்ட ஆயிரம் அறைகள் கொண்ட கோபுரம். அவ்வளவு பெரிய இடத்தில் இரண்டு அறைகள் சேர்ந்து கிடைக்க வாய்ப்பு அதிகம். வாந்தோம் சதுக்கத்துக்கு அருகே உள்ள பார்க் ஹயாத் உச்ச வகை. அங்கே இரண்டு அறை எடுத்தால் பல வருடச் சேமிப்பு ஒரே பயணத்தில் காலி. தேனிலவுக்கு வைத்துக்கொள்ள வேண்டிய இடம் அது.

மேரியட், ஹில்டன், ஐஎச்ஜி மூன்றும் அட்டவணையைக் கைவிட்டு, விலைக்கேற்பப் பாயிண்டை ஏற்றி இறக்குகின்றன. மேரியட்டுக்கும் ஹில்டனுக்கும் ஐந்தாவது இரவு சலுகை இருக்கிறது (கீழே பாருங்கள்). ஐஎச்ஜியின் ஹாலிடே இன் கிளைகள் பலவற்றில் சிறு பிள்ளைகளுக்குச் சாப்பாடு இலவசம்.

பாயிண்டா, பணமா? எப்படிக் கணக்குப் போடுவது?

அறையின் பண விலையைப் பாயிண்ட் எண்ணிக்கையால் வகுத்தால் ஒரு பாயிண்டின் மதிப்பு வரும். தங்கும் வரியை இரண்டு வழியிலும் கட்டத்தான் போகிறீர்கள் என்பதால் கணக்கிலிருந்து எடுத்துவிடுங்கள். ஓர் அறை 260 யூரோ, அல்லது 50,000 பாயிண்ட் என்றால், பாயிண்டுக்கு 0.52 சென்ட். பொதுவாக ஹில்டன், ஐஎச்ஜி பாயிண்டுகளுக்கு அரை சென்ட் பக்கத்தில் கிடைத்தால் பரவாயில்லை. மேரியட் அதைவிடக் கொஞ்சம் கூட வர வேண்டும். ஹயாத் ஒன்றரை சென்ட்டாவது தர வேண்டும். அக்கோரில் கணக்கே வேண்டாம், 2 சென்ட்.

இதுவரை எல்லோரும் சொல்வதுதான். குடும்பங்கள் தவறவிடுவது அடுத்த படி. அந்த 260 யூரோ அறையைப் பாயிண்ட் இல்லாவிட்டால் பணம் கொடுத்து எடுத்திருப்பீர்களா? பக்கத்துத் தெருவில் நால்வருக்கான 3 நட்சத்திர அறை 170 யூரோவுக்குக் கிடைத்து, அதையே எடுத்திருப்பீர்கள் என்றால், அந்த 50,000 பாயிண்ட் உங்களுக்கு மிச்சப்படுத்தியது 170 யூரோதான். மதிப்பு 0.34 சென்ட்டாக இறங்கிவிடுகிறது. இரண்டு அறைகளைப் பாயிண்டில் எடுக்க நினைக்கும்போதும் இதே கதை: 1,00,000 பாயிண்டை 520 யூரோவோடு ஒப்பிடாமல், பணத்தில் கிடைக்கும் ஒரு குடும்ப அறையின் விலையோடு ஒப்பிட வேண்டும். இந்தக் கணக்கில் தோற்றால் பாயிண்டை அப்படியே வைத்துவிட்டுப் பணம் கொடுங்கள். பணம் கொடுத்துத் தங்கினால் புதிதாகப் பாயிண்டும் சேரும் என்பதையும் மறக்க வேண்டாம்.

ஐந்தாவது இரவு இலவசம் என்பது எப்படி?

மேரியட்டில் ஐந்து இரவுகளைத் தொடர்ச்சியாகப் பாயிண்டில் எடுத்தால் ஓர் இரவுக்குப் பாயிண்ட் கிடையாது. ஐந்தில் எது மலிவோ அந்த இரவுதான் கழியும். எல்லா உறுப்பினர்களுக்கும் உண்டு. ஹில்டனில் சில்வர் அல்லது அதற்கு மேல் அந்தஸ்து (உறுப்பினர்களுக்குத் திட்டம் தரும் படிநிலை) இருந்தால்தான், அதுவும் சாதாரண அறைக்கு மட்டும்.

மேலே சொன்ன 260 யூரோ உதாரணத்தில், ஐந்து இரவுக்கு 1,300 யூரோ, பாயிண்ட் 2,00,000. மதிப்பு 0.52 சென்ட்டிலிருந்து 0.65 சென்ட் ஆகிறது. பாரிஸில் நான்கு இரவு போதும் என்று நினைத்தவர்கள்கூட ஐந்தாக்கிக்கொள்வதில் நியாயம் இருக்கிறது. ஒரே புக்கிங்காக இருக்க வேண்டும். மூன்று இரவு உங்கள் கணக்கிலிருந்து, இரண்டு இரவு மனைவி கணக்கிலிருந்து என்று பிரித்தால் சலுகை போய்விடும்.

எந்த நாட்களில் பாயிண்டைச் செலவழிப்பது லாபம்?

ஊர் விலை ஏறிக் கிடக்கும்போது. பாரிஸில் விலை எகிறும் காலங்கள் ஓரளவு தெரிந்தவையே: பிப்ரவரி கடைசியிலும் செப்டம்பர் கடைசியிலும் வரும் ஃபேஷன் வாரங்கள், மே கடைசியில் தொடங்கும் ரோலான் காரோஸ் டென்னிஸ், ஒற்றைப்படை வருடங்களில் ஜூன் மாதம் லே பூர்ஜேயில் நடக்கும் விமானக் கண்காட்சி, கிறிஸ்துமஸ் முதல் புத்தாண்டு வரை. பாயிண்ட் அளவு விலையோடு சேர்ந்து ஏறும் திட்டங்களிலும், பல சமயம் விலை ஏறும் வேகத்துக்குப் பாயிண்ட் ஏறுவதில்லை.

பள்ளி விடுமுறையால் ஆகஸ்டில்தான் போக முடியும் என்பவர்களுக்கு வேறு விதமான அதிர்ஷ்டம். பாரிஸ்காரர்களில் பலர் அந்த மாதம் ஊரைக் காலி செய்துவிடுகிறார்கள், வேலை நிமித்தம் வருபவர்களும் குறைவு. லா தெஃபான்ஸ் போன்ற அலுவலகப் பகுதி ஹோட்டல்கள் பணத்துக்கே மலிவாகக் கிடைக்கும். அப்போது பாயிண்டைத் தொட வேண்டிய அவசியமே இருக்காது.

அறைகள் ஏறக்குறைய ஒரு வருடத்துக்கு முன்பே திறக்கும். நால்வர் அறை வேண்டியவர்கள் திறந்ததும் பிடித்து வைப்பது நல்லது. அப்புறம் மாதம் ஒரு முறை பாருங்கள்; பாயிண்ட் குறைந்திருந்தால் புதிதாக எடுத்துவிட்டுப் பழையதை ரத்து செய்யலாம். புதியது உறுதியான பிறகுதான் பழையதை விட வேண்டும்.

நகரின் நடுவிலேயே தங்க வேண்டுமா?

வேண்டியதில்லை, இப்போது முன்பைவிடவும் வேண்டியதில்லை. 2025 ஜனவரி 1 முதல் பாரிஸ் வட்டாரம் முழுக்க மெட்ரோவுக்கும் ரயிலுக்கும் ஒரே விலை டிக்கெட். தொடங்கியபோது 2.50 யூரோ. எவ்வளவு தள்ளித் தங்கினாலும் அதே விலைதான். விமான நிலையத்துக்கு மட்டும் தனி டிக்கெட், அது தொடங்கியபோது 13 யூரோ. 4 வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு டிக்கெட் வேண்டாம், 10 வயதுக்குட்பட்டவர்களுக்குப் பாதி விலை.

லா தெஃபான்ஸில் ஹோட்டல் கட்டடங்கள் புதியவை, அறைகள் கொஞ்சம் பெரியவை, பாயிண்டும் குறைவு. அங்கிருந்து ஆர்இஆர் ஏ என்ற புறநகர் ரயிலில் நகரின் நடுவே உள்ள ஷாத்லே லே ஆல் நிலையத்துக்குக் கால் மணி நேரம் போதும். மாலையில் அந்தப் பகுதி கொஞ்சம் வெறிச்சென்று இருக்கும், அவ்வளவுதான். ஆனால் சார்ல் த கோல் விமான நிலைய ஹோட்டல்களைப் பாயிண்ட் மலிவு என்று எடுத்துவிட்டு, அங்கிருந்து தினமும் ஊர் சுற்ற நினைக்காதீர்கள். தூங்கி விழும் பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு இரவில் திரும்பும்போது ஆளுக்கு ஒரு விமான நிலைய டிக்கெட்டும் வலிக்கும், தூரமும் வலிக்கும். விடியற்காலை விமானத்துக்கு முந்தைய ஓர் இரவுக்குச் சரி.

டிஸ்னிலேண்ட் பக்கம் பாயிண்டில் தங்கலாமா?

தங்கலாம். நால்வர் அறை எளிதில் கிடைக்கும் பகுதி அதுதான். அங்கே வருபவர்களே குடும்பங்கள்தானே. மேரியட்டின் வில்லேஜ் தில் த பிரான்ஸ் என்ற இடத்தில் இரண்டு, மூன்று படுக்கையறை கொண்ட சமையலறை வீடுகளே இருக்கின்றன. தாத்தா பாட்டியோடு ஆறு பேராகப் போகும் குடும்பத்துக்கு நகருக்குள் இதற்கு ஈடாகப் பாயிண்டில் எதுவும் சிக்குவது கடினம். பாரிஸுக்கு ஆர்இஆர் ஏ ரயிலில் முக்கால் மணி நேரம் ஆகும். முன்பு 5 யூரோவாக இருந்த அந்தப் பயணமும் இப்போது ஒரே விலை டிக்கெட்டுக்குள் வந்துவிட்டது.

காலை உணவு கிடைக்குமா?

பாயிண்ட் அறையில் தானாக வராது. உங்கள் உறுப்பினர் அந்தஸ்துதான் கொடுக்கும். இங்கேதான் குடும்பங்கள் சட்டத்தைப் படிக்க வேண்டும். ஹில்டன் கோல்டுக்கு ஐரோப்பாவில் காலை உணவு உண்டு, ஆனால் உறுப்பினருக்கும் அதே அறையில் பதிவான இன்னொருவருக்கும் மட்டும். ஹயாத்தின் குளோபலிஸ்ட் அந்தஸ்துக்குப் பெரியவர்கள் இருவர், பிள்ளைகள் இருவர் என்று நால்வருக்கும் கிடைக்கும்; தேறுவது கடினமான அந்தஸ்து, ஆனால் குடும்பத்துக்கு அதைவிட நல்லது இல்லை.

அந்தஸ்து இல்லையா? நட்சத்திர ஹோட்டலில் ஆளுக்கு 25, 30 யூரோ கொடுத்துச் சாப்பிட வேண்டாம். எந்தத் தெருமுனையிலும் ஒரு புலான்ஜெரி (ரொட்டிக் கடை) இருக்கும். ஒன்றரை யூரோவுக்கு குரோசான் கிடைக்கும்.

கணவன் மனைவி இருவரின் பாயிண்டுகளையும் ஒன்றாக்கலாமா?

ஹில்டனில் 11 பேர் வரை கட்டணமின்றி ஒரே குழுவாகச் சேர்த்துக்கொள்ளலாம். ஹயாத்தில் 30 நாளுக்கு ஒரு முறை ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்கு இலவசமாக மாற்றலாம். மேரியட்டில் வருடத்துக்கு 1,00,000 பாயிண்ட் வரை பிறருக்கு அனுப்பலாம். ஐஎச்ஜியில் பெரும்பாலானோருக்கு மாற்றக் கட்டணம் உண்டு, அதனால் அவரவர் கணக்கில் ஒவ்வோர் அறை எடுப்பதே சிக்கனம். அப்படி எடுத்தால் இரண்டு புக்கிங்குகளும் ஒரே குடும்பம் என்று ஹோட்டலுக்கு எழுதி, இரண்டு உறுதி எண்களையும் கொடுங்கள்.

பாயிண்ட் கொஞ்சம் குறைகிறது. கிரெடிட் கார்டு பாயிண்டை மாற்றலாமா, விலைக்கு வாங்கலாமா?

கார்டு பாயிண்டை ஹோட்டல் கணக்குக்கு மாற்றினால் திரும்ப எடுக்க முடியாது. எனவே அறை இருக்கிறதா என்று அதே நாளில் பார்த்த பிறகுதான் மாற்ற வேண்டும். மாறி வந்து சேரச் சில திட்டங்களில் நாட்கணக்காகும், அதற்குள் அறை போய்விடலாம். ஹில்டன் பாயிண்டுகள் அடிக்கடி "வாங்கினால் இரட்டிப்பு" என்று விற்பனைக்கு வரும்; அப்போது ஒன்று அரை அமெரிக்க சென்ட் பக்கம் விழும். ஓரிரவுக்குக் குறைவதை நிரப்ப வாங்கலாம். எப்போதாவது உதவும் என்று வாங்கிக் குவிப்பதில் எனக்கு உடன்பாடில்லை. திட்டங்கள் பாயிண்டின் மதிப்பைச் சொல்லாமல் குறைக்கக் கூடியவை.

பாதிப் பாயிண்ட், பாதிப் பணம்?

அக்கோரைத் தவிர மற்றவற்றில் பெரும்பாலும் நஷ்டம். அந்தப் பாதிப் பாயிண்டுக்கு என்ன மதிப்பு வருகிறது என்று மேலே சொன்ன முறையில் வகுத்துப் பாருங்கள், புரிந்துவிடும்.

ரத்து செய்தால் பாயிண்ட் திரும்பி வருமா?

வரும், கெடுவுக்குள் ரத்து செய்தால். பாயிண்டின் பெரிய வசதியே இதுதான். பணத்தில் மலிவாகக் கிடைக்கும் அறைகள் பெரும்பாலும் ரத்து செய்ய முடியாதவை. பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் பயணமே மாறும் என்பது எல்லாப் பெற்றோருக்கும் தெரியும். கெடு ஒரு நாள் முன்பாக இருக்கலாம், ஒரு வாரம் முன்பாகவும் இருக்கலாம், கண்காட்சி நாட்களில் இன்னும் முன்பாக. நேரம் பாரிஸ் நேரப்படி கணக்காகும். கெடு தாண்டினால் பாயிண்ட் போவதோடு, சில இடங்களில் கார்டிலும் பணம் பிடிப்பார்கள்.

ஷெங்கன் விசாவுக்குப் பாயிண்ட் புக்கிங்கைக் காட்டலாமா?

தங்குமிடச் சான்றாகக் காட்டலாம். உறுதிக் கடிதத்தில் ஹோட்டல் பெயர், முகவரி, தேதிகள் இருக்கும். குடும்பத்தில் ஒருவர் பெயர் மட்டும் அச்சாகியிருந்தால், எல்லோர் பெயரையும் சேர்த்து ஒரு கடிதம் அனுப்பும்படி ஹோட்டலிடம் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் தருவார்கள்.

அடுத்த வருடம்தான் போகப் போகிறோம். அதுவரை பாயிண்ட் காலாவதியாகாதா?

மேரியட், ஹில்டன், ஹயாத் மூன்றிலும் 24 மாதம் கணக்கில் எந்த அசைவும் இல்லாவிட்டால் போய்விடும். ஐஎச்ஜியில் அந்தஸ்து இல்லாதவர்களுக்கு 12 மாதம். அக்கோரிலும் ஒரு வருடம்தான். முதல் நான்கிலும் சிறிய அசைவு போதும். கொஞ்சம் பாயிண்ட் சேர்ந்தாலோ செலவானாலோ கெடு மறுபடி முதலிலிருந்து தொடங்கும்.

கிளம்புவதற்கு முன் ஹோட்டலுக்கு எழுத வேண்டுமா?

ஒரு வாரம் முன்பு ஒரு சிறிய மின்னஞ்சல். பிள்ளைகளின் வயது, தொட்டில் அல்லது கூடுதல் கட்டில், இணைந்த அறை, வந்து சேரும் நேரம் ஆகியவற்றை எழுதினால் போதும். வந்து சேரும் நேரம் முக்கியம். நீண்ட தூர விமானங்கள் பல காலை 6, 7 மணிக்கே சார்ல் த கோலில் இறங்குகின்றன. அறை கிடைப்பதோ பிற்பகல் 3 மணிக்கு. சீக்கிரம் தர முடியுமா என்று கேளுங்கள். முடியாது என்றால் பெட்டிகளை ரிசப்ஷனில் வைத்துவிட்டு வெளியே போகலாம், அதற்குக் கட்டணம் இல்லை. பிள்ளைகளுக்கு மாற்று உடையும் பல் துலக்கும் சாமான்களும் மட்டும் கைப்பையில் தனியாக இருக்கட்டும்.